குண்டூசியை எடுத்த பிறகு

அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் ஏழு பேர். ஆறு பேருக்குப் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசைகட்டி நின்றன. ஏழாவது ஆளுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. கழுத்தில் மட்டும் சில நாள் அளவுநாடா தொங்கும்; கடையிலிருந்து அவசரமாகக் கிளம்பும்போது கழற்ற மறந்துவிடுவாள். அவள் தையல்காரி. மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும், இரண்டு தையல் மெஷின் போட்ட கடை அவளுடையது.

மனிதர்களை வைத்து எந்த ஆராய்ச்சி செய்வதானாலும், முதலில் இந்தக் குழு காகிதங்களைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அது சட்டம். குழுவில் டாக்டர்களும் வக்கீல்களும் மட்டும் இருந்தால் போதாது, வெளியிலிருந்து ஒரு சாதாரண ஆளும் உட்கார வேண்டும். அதுவும் சட்டம்தான். நியமனக் கடிதத்தில் 'சாதாரண நபர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. நாற்பது பெண்களின் தோள் அளவை மனப்பாடமாக வைத்திருப்பவளைச் சாதாரணம் என்று எவன் எழுதினான்? ஆனாலும் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டாள். மாட்டிய இடம், வருகிறவர்கள் பார்க்காமல் போக முடியாத இடம்.

அவளைக் குழுவில் சேர்த்ததற்குக் காரணம் ஒரு நாடா. நாடா என்றால் முடிச்சுப் போடும் நாடா. நோயாளிகளுக்கான அங்கி தைக்கும் வேலை அவளுக்கு வந்தது. கொடுத்த மாதிரியில் முதுகுப் பக்கம் ஒரே ஒரு நாடா. கட்டிக்கொண்டு நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு எல்லாம் தரிசனம். அவள் யாரையும் கேட்கவில்லை. மூன்று நாடா வைத்து, ஒரு சாண் துணி கூடுதலாக மடித்து மேலே விழும்படி தைத்துக் கொடுத்துவிட்டாள். நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, "மாதிரிப்படி ஏன் தைக்கல?" என்று குதித்தான். "உடம்பு சரியில்லாதவங்களுக்கும் முதுகு இருக்கு சார்" என்றாள் அவள். இது எப்படியோ தலைமை டாக்டர் காதுக்குப் போயிற்று. அவர் சிரித்தாராம். மூன்றே மாதத்தில் கடிதம் வந்தது.

கௌரவம் பெரிதுதான். ஆனால் முதல் இரண்டு வருடமும் அவள் நாலாவது மாடியில் அந்த நீள மேசையின் கடைக்கோடியில், சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டதைத் தவிர வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பதின்மூன்று ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரே ஒருமுறை வாயைத் திறந்து, "எழுத்து பொடிசா இருக்கு, வயசானவங்க எப்படிப் படிப்பாங்க?" என்றாள். எழுத்தைப் பெரிதாக்கினார்கள். அந்தப் பெருமையை அவள் ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டாள்.

பிறகு பதினாலாவது காகிதம் வந்தது. அதன் மேல் இருந்த பெயர் கால் டாக்டருடையது.

கால் டாக்டர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை நோயால் ஆறாமல் கிடக்கும் கால் புண்களைப் பார்க்கிறவர். நாற்பது வயது இருக்கும். மற்ற டாக்டர்கள் நோயாளியின் காலை முக்காலியில் வைக்கச் சொல்லி, இரண்டடி தள்ளி நின்று குனிந்து பார்ப்பார்கள். இவர் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, புண்பட்ட காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொள்வார். அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன் அவர் கணுக்காலில் வந்த புண்ணைப் பார்த்துவிட்டு வேறொரு இடத்தில், எடுத்துவிடலாம் என்றார்கள். எடுப்பது என்றால் புண்ணை இல்லை, காலை. இவரோ, "பார்க்கலாம் அண்ணே" என்ற ஒரே வார்த்தையில் காலை மடியில் வாங்கிக்கொண்டார். வாரா வாரம் கட்டு மாற்றி மாற்றி, உள்ளங்கை அகலம் இருந்த புண் இப்போது ஒரு பெரிய பட்டன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு இரண்டு கால் இருப்பது அந்த மனிதரால். அவரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னால் தையல்காரி கத்தரிக்கோலோடு எழுந்துவிடுவாள்.

அவருடைய ஆராய்ச்சி சிக்கலில்லாதது. புண்மேல் ஒட்டும் ஒரு புது வகைப் படலம். அறுபது நோயாளிகள், சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்குப் புதுப் படலம், பாதிப் பேருக்கு வழக்கமான கட்டு. எது சீக்கிரம் ஆற்றுகிறது என்று பார்ப்பது. ஒப்புதல் படிவம் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் இருந்தது. 'விருப்பமில்லை என்றால் மறுக்கலாம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'நோயாளி இன்னொரு முறை அலைவதைத் தவிர்க்க, கட்டு மாற்றும்போதே டாக்டர் விளக்கிச் சொல்லிக் கையெழுத்துப் பெறுவார்.'

எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டு அவள் காகிதத்தை மூடி வைத்தாள். அந்த வாரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பெண் கோட்டு அளவு பார்க்க வந்திருந்தாள். தோளில் நாலு, இடுப்பில் ஆறு, கையில் மூன்று என்று குண்டூசிகள் குத்தி, அவள் கண்ணாடி முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசி குத்தி நிற்கும் ஆளிடம், சரியா இருக்கா என்று கேட்கவே மாட்டாள். எல்லா ஊசியையும் எடுத்து, துணியைக் கழற்ற வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்பாள். தொழிலுக்கு வந்த புதிதில் பட்டுத் தெரிந்துகொண்டது அது. ஒரு அம்மா ஊசியோடு நின்றபடி எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றாள். தைத்துக் கொடுத்தாயிற்று. மறுநாள் வந்து, கையைத் தூக்க முடியவில்லை என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனாள். அவள் பொய் சொல்லவில்லை. ஊசி எப்போது உடம்பில் ஏறுமோ என்ற பயத்தில் இருக்கிறவளுக்கு, ஊசி வைத்திருக்கும் கையைக் கோபப்படுத்த மனசு வராது. அவ்வளவுதான்.

தோளில் இருந்த நாலாவது ஊசியை எடுக்கும்போது தையல்காரியின் கை அப்படியே நின்றுவிட்டது.

கட்டு மாற்றும்போதே.

அவள் கண்முன் அந்த அறை வந்து நின்றது. வாராவாரம் அவள் கதவோரம் பையை அணைத்துக்கொண்டு நிற்கும் அறை. கட்டு அவிழ்ந்து, புண் திறந்து, கால் டாக்டரின் மடியில் கிடக்கும். வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்லை. போலீஸ்காரர் லாரியை ஓரங்கட்டச் சொன்னால்கூட எதுக்கு என்று கேட்காமல் ஓரங்கட்டமாட்டார். அந்த மனிதர் அந்த அறைக்குள் போனதும் வெண்ணெயாக உருகிவிடுவார். "வலிக்குதா அண்ணே?" "இல்லீங்க டாக்டர்." "மாத்திரை சாப்பிடுறீங்களா?" "சரிங்க டாக்டர்." ஒருநாள் டாக்டர், "வெளியே மழையா?" என்று கேட்டதற்குக்கூட, "சரிங்க டாக்டர்" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த மடியில் கால் இருக்கும்போது ஒரு காகிதத்தை நீட்டினால் அவர் படித்துப் பார்த்துவிட்டா போடுவார் கையெழுத்து? லாரியையே எழுதிக் கொடுத்துவிடுவார்.

"அக்கா, கை வலிக்குது" என்றாள் கோட்டுக்காரி.

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழுவின் காகிதத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது விதி. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல முடியாது. சொன்னாலும், "அந்த மனுஷனுக்கு எதிராவா பேசப்போறே?" என்று காலைக் காட்டுவார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. வாயைத் திறந்து டாக்டர் முகம் கோணிவிட்டால், அடுத்த வியாழக்கிழமை அந்த முழங்கால்மேல் வைக்கப்போவது அவள் வீட்டுக் கால்.

மறுநாள் கூட்டத்தில் அவள் முதலில் எழுந்து நின்று, "ஐயா, எங்க வீட்டுக்காரர் இந்த டாக்டர்கிட்டதான் காலைக் காட்டுறாரு. அதைச் சொல்லிடணும்னு விதி இருக்குல்ல?" என்றாள்.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எதையும் முதல்முறை கேட்டவுடன் ஒப்புக்கொள்ளாதவர் என்று பெயர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "சொன்னது நல்லது. நீங்க பேசலாம்மா. ஆனா இதுல உங்களுக்கு ஓட்டு கிடையாது" என்றார்.

கால் டாக்டர் உள்ளே வந்து, அவளைப் பார்த்து, "அக்கா" என்று தலையசைத்தார். பத்து நிமிடம் படங்கள் காட்டி விளக்கினார். மருந்தியல் பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்டார். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் தத்துவ டீச்சர். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர், நெறிமுறை சொல்வதற்கென்றே குழுவில் இருப்பவர், தையல்காரி வயதுதான். டீச்சர் படிவத்தைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு தெளிவா எழுதின படிவத்தை நான் பார்த்ததில்லை. மறுக்கலாம்னு தடிச்ச எழுத்துல இருக்கு. எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தையல்காரி உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் ஐயா. கட்டு மாத்தும்போது கையெழுத்து வாங்கக் கூடாது."

எல்லாத் தலைகளும் கடைக்கோடிக்குத் திரும்பின.

"அவங்க அலையக் கூடாதேன்னுதான் அக்கா அப்படி எழுதினேன்" என்றார் கால் டாக்டர்.

"தெரியும் டாக்டர். ஆனா அந்த நேரத்துல கால் உங்க மடியில இருக்கும். புண்ணு திறந்திருக்கும். அப்ப எதைக் கேட்டாலும் சரின்னுதான் வரும்."

டாக்டரின் முகம் சிவந்தது. "நான் யாரையாவது வற்புறுத்துவேன்னு நெனைக்கிறீங்களா?"

"ஐயோ, இல்லை. நீங்க வற்புறுத்த மாட்டீங்க. அதான் டாக்டர் சிக்கலே. வற்புறுத்துறவங்ககிட்ட எங்க வீட்டுக்காரர் நல்லா சண்டை போடுவாரு. உங்ககிட்ட அவரால முடியாது."

மருந்தியல் பேராசிரியர் சிரித்தார். "என்னம்மா இது, எல்லாரும் வளர்ந்தவங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லத் தெரியாதா? படிவத்துலதான் போட்டிருக்கே!"

அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது. இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பாள். கழுத்தில் அன்றைக்கும் அளவுநாடா. கைப்பையில் எப்போதும் போலக் குண்டூசி டப்பா. எழுந்து மேசையைச் சுற்றி நேரே நீதிபதியிடம் போனாள்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உங்க கோட்டுக் கை ஒரு விரக்கடை நீளமா இருக்கு. ரெண்டு வருஷமா பார்த்துட்டு இருக்கேன். கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

நீதிபதிக்கு என்ன தோன்றியதோ, எழுந்து நின்றார். அவள் கோட்டின் கையை மடித்து, மணிக்கட்டைச் சுற்றி ஐந்து ஊசிகளை மளமளவென்று குத்தினாள். முனைகள் தோலை உரசியும் உரசாமலும் நின்றன. நீதிபதி கையை உறியில் தொங்கும் பானை மாதிரி அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆறாவது ஊசியை விரலில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "ஐயா, இனிமே எல்லாக் கூட்டத்தையும் எங்க கடையிலேயே வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்மா, வச்சுக்கலாம். பார்த்து, பார்த்து…"

அடுத்த நொடி மேசையே அதிர்ந்தது. முதலில் சிரித்தவர் நீதிபதிதான். மருந்தியல் பேராசிரியர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு ஊசியாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"இப்ப கேக்குறேன் ஐயா. வச்சுக்கலாமா?"

"முடியவே முடியாது" என்றார் நீதிபதி, மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.

"அவ்வளவுதான் ஐயா நான் சொல்ல வந்தது."

சிரிப்பு அடங்கியபோது ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருந்தது தெரிந்தது. தத்துவ டீச்சர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் முப்பது வருஷமா ஒரே ஒருத்தரைப் பத்திப் பாடம் நடத்துறேன். இருநூத்தைம்பது வருஷத்துக்கு முந்தி இருந்த ஒரு தத்துவவாதி. தன் ஊரைச் சுத்தியே வாழ்ந்து முடிச்சவர். கல்யாணம் பண்ணிக்கல. அவர் நடக்கப் போறதைப் பார்த்து அக்கம்பக்கத்துல கடிகாரத்தைச் சரி பண்ணுவாங்கன்னு சொல்லுவாங்க. அவர் எழுதினதைப் படிச்சா நமக்குத் தலை சுத்தும். ஆனா அதுல ஒரு பேச்சு இருக்கு: எந்த மனுஷரையும் உன் காரியத்துக்கு வெறும் கருவியா வச்சுக்காதே. அவருக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு, அவருக்குன்னு ஒரு முடிவு இருக்கு. நாம இங்க உக்காந்திருக்கோமே, இந்தப் படிவம், இந்தக் கையெழுத்து, மறுக்கலாம்ங்கிற இந்த வரி, இதுக்கெல்லாம் வேர் நிறைய உண்டு. அதுல ஒரு பெரிய வேர் அவரு."

படிவத்தை மேசைமேல் வைத்தார்.

"இவ்வளவும் தெரிஞ்ச நான் எழுத்தைத்தான் பார்த்தேன். அந்த அறையைப் பார்க்கல. இவங்க பார்த்தாங்க."

தையல்காரிக்குக் கூச்சமாகப் போயிற்று. கூச்சம் வந்தால் அவளுக்குக் கேள்வி வரும். "அந்தாளு பெரிய வீட்டுப் பிள்ளையா டீச்சர்?"

"இல்லைங்க. அவங்க அப்பா குதிரைக்குச் சேணமும் தோல் வாரும் தைக்கிறவர்."

"தைக்கிறவரா?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நம்ம ஆளு!"

"உங்க ஆளுதான்" என்று டீச்சர் கடைசியில் சிரித்துவிட்டார். "ஆனா ஒண்ணு. பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை தகாதுன்னு நெனச்சவரும் அவர்தான். பெரிய யோசனை சொன்னவர் அதைத் தன் வீட்டு வாசல் வரைக்கும்கூடக் கொண்டு வரல."

"இன்னைக்கும் எனக்கு ஓட்டு இல்லையே டீச்சர்! ஐயா இப்பதானே சொன்னாரு. பரவாயில்லை, பேச விட்டாங்க. தன் அளவை விடப் பெரிய சட்டையா தச்சு வச்சுட்டுப் போயிருக்காரு. போட்டுக்க வேண்டியது நாமதான்."

நீதிபதி எழுதத் தொடங்கினார். கையெழுத்தை டாக்டர் வாங்கக் கூடாது. அந்தப் பிரிவில் வேலை பார்க்காத ஒரு நர்ஸ் வாங்க வேண்டும். வேறு அறையில். கட்டுப் போட்டு, செருப்பும் போட்ட பிறகு. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி ஒரு வாரம் டயம் கொடுக்க வேண்டும். "எழுத்துல இன்னும் ஏதாவது சேர்க்கணுமா?" என்று கேட்டார். தையல்காரி யோசித்து இரண்டு வரி சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்: 'நீங்கள் வேண்டாம் என்றாலும் இதே டாக்டர், இதே கையால், இதே போலப் பார்ப்பார். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.'

ஆறு ஓட்டும் விழுந்தது. கால் டாக்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் வீட்டுக்காரரோடு அந்த அறை வாசலில் நின்றபோது நெஞ்சு மெஷின் மாதிரி ஓடியது. டாக்டர் எப்போதும் போலக் காலை மடியில் வாங்கிக்கொண்டார். கையில் குறை ஒன்றும் இல்லை. முடித்ததும், "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார். அம்மா! இரண்டு வருடமாக அக்கா என்று கூப்பிட்ட வாய். வீட்டுக்காரர் இதைக் கவனிக்கவே இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது அவள் வெளிப்பக்கமே முகத்தை வைத்துக்கொண்டாள். செய்தது சரி என்று தெரியும். சரியானதைச் செய்தவளுக்கு வலிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

அடுத்த மாதம் ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை கட்டுப் போட்டு, செருப்புப் போட்டு வெளியே வந்த வீட்டுக்காரரை ஒரு நர்ஸ் வேறொரு அறைக்குக் கூப்பிட்டாள். மேசை, இரண்டு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். அரைமணி நேரம் விளக்கிச் சொல்லி, படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினாள். வீட்டுக்காரர் அதை லாரியின் பர்மிட்டைப் போலப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறு நாள் வைத்து வைத்துப் படித்தார். சில வரிகளை வாய்விட்டே படித்தார். தையல்காரி சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் சொன்ன வரிகளை அவர் குரலில் கேட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. துடைத்த மேடையையே இன்னொரு முறை துடைத்தாள்.

ஏழாம் நாள் காலையில் அவர் படிவத்தை மேசைமேல் போட்டார். "நான் சேரல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க? அந்த டாக்டர் நமக்கு எவ்வளவு…"

"வேணாம்னு தோணுது."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவத்தைத் திரும்ப எடுத்து, விரலை வரியின்மேல் வைத்துக் காட்டினார். "காரணம் சொல்லத் தேவையில்லைன்னு இதுல எழுதியிருக்கு பாரு. எவனோ விவரம் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியில் துணி எடுக்கப் போனாள். எழுதியது எவனோ இல்லை, எவள் என்று சொல்ல நாக்கு துடித்தது. விதி விதிதான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. வேண்டாம் என்ற படிவத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு அவர் டாக்டரின் அறைக்குள் போனார். அவள் வழக்கமான இடத்தில், கதவோரம், பையை அணைத்துக்கொண்டு நின்றாள். இந்த நிமிடத்தில் அந்தக் காலை டாக்டர் முக்காலியில் வைக்கச் சொன்னால், அவள் மேசையில் பேசிய பேச்சு அத்தனையும் வீண். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வார் தைக்கிறவர் மகன் சொன்னதும் வீண்.

கால் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார். "காலைக் கொடுங்க அண்ணே."

கால் மடிக்குப் போயிற்று. கட்டு அவிழ்ந்தது. அவர் புண்ணைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "இதுவரைக்கும் இருபது பேரைக் கேட்டாச்சு, அக்கா. அஞ்சு பேர் வேண்டாம்னுட்டாங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒருத்தரும் வேண்டாம்னு சொன்னதே இல்லை. நான் நல்ல டாக்டர், அதான் யாரும் மறுக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"நீங்க நல்ல டாக்டர்தான்" என்றாள் அவள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாரே.

டாக்டர் பஞ்சால் புண்ணின் ஓரத்தைத் துடைத்தார். எப்போதும் கேட்பது போலவே கேட்டார்: "வலிக்குதா அண்ணே?"

இரண்டு வருடம். நூறு வியாழக்கிழமை. நூறு தடவை, "இல்லீங்க டாக்டர்." அவள் அந்தப் பதிலைத் தானே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்காரர், போலீஸ்காரரிடம் பேசும் அதே குரலில், சொந்தக் குரலில் சொன்னார்:

"வலிக்குது டாக்டர். எப்பவுமே வலிக்கும். கொஞ்சம் மெதுவாப் பண்ணுங்க."

டாக்டரின் கை நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். புண்ணை இல்லை, முகத்தை. "எங்க வலிக்குது, காட்டுங்க" என்றார். வீட்டுக்காரர் குனிந்து விரல் வைத்துக் காட்டினார். இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு இயந்திரக் கோளாறைப் பற்றிப் பேசும் இரண்டு வேலைக்காரர்கள் போலப் பேசத் தொடங்கினார்கள்.

தையல்காரி கதவோரத்தில் நிமிர்ந்து நின்றாள். கழுத்தில் ஏதோ உறுத்தியது. தொட்டுப் பார்த்தாள். அளவுநாடா. அதை எடுத்துச் சுருட்டிப் பையில் போடப் போனவள், வேண்டாம் என்று மறுபடியும் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள்.